காசு கேட்கும் இடத்தில் பதினைந்து, கேட்காத இடத்தில் ஏழு

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த நாள் முதல் உங்கள் நாளிதழில் கல்லூரி விளம்பரம் இல்லாத பக்கத்தைத் தேட வேண்டியிருக்கிறது. அந்த விளம்பரங்களுக்கு நடுவே இந்தக் கடிதத்துக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள். கடிதம் நீளம்தான். ஆனால் கடலூர், புதுச்சேரி வட்டாரத்துப் பெற்றோர்கள் செய்யும் தவறு ஆண்டுதோறும் அதேதான் என்பதால் விவரமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

விண்ணப்பம் ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கேட்கிற நிகர்நிலை, தனியார் நிறுவனங்களுக்குப் பதினைந்து விண்ணப்பம் போடுகிறார்கள். எத்தனை கல்லூரி எழுதினாலும் கூடுதலாக ஒரு பைசா கேட்காத பொறியியல் கவுன்சலிங்கில் ஏழு கல்லூரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இது அப்படியே தலைகீழாக இருக்க வேண்டும்.

‘எத்தனை கல்லூரிக்குப் போடலாம்?’ என்று கேட்டால் ஒற்றை எண்ணாகப் பதில் சொல்ல முடியாது. ஒரே பட்டியலை வைத்து இடம் கொடுக்கும் முறையில் எண்ணிக்கை நீள வேண்டும். கல்லூரிக்குக் கல்லூரி பிள்ளை நேரில் போய் நிற்க வேண்டிய முறையில், போய்ச் சேர முடிகிற அளவுக்குத்தான் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு என்றால் இரண்டு, மூன்றோடு சரி.

பொறியியலை முதலில் எடுத்துக்கொள்வோம். டி.என்.இ.ஏ. எனப்படும் தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கைக்கான ஒற்றைச் சாளரக் கவுன்சலிங்கைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆஃப். பதிவுக் கட்டணம் 500 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 250. அதைக் கட்டிய பிறகு, வேண்டிய கல்லூரியையும் பாடப்பிரிவையும் வரிக்கு ஒன்றாக எழுதும் சாய்ஸ் பட்டியலில் ஐந்து வரி எழுதினாலும் இருநூறு வரி எழுதினாலும் ஒன்றுதான். உச்சவரம்பு கிடையாது.

கணினி இந்தப் பட்டியலை எப்படிப் படிக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ரேங்க் வரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுக்கும். உங்கள் பிள்ளையின் முறை வந்ததும் முதல் வரியைப் பார்க்கும். அந்தக் கல்லூரியில், அந்தப் பாடப்பிரிவில் பொதுப்பிரிவு இடம் மிச்சம் இருக்கிறதா? இல்லையென்றால் அவர் வகுப்புக்கு ஒதுக்கிய இடம் இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் இரண்டாம் வரிக்கு இறங்கும். எந்த வரியில் முதலில் காலியிடம் தட்டுப்படுகிறதோ அங்கேயே நின்றுவிடும். அதற்குக் கீழே எழுதியதை அது திரும்பியும் பார்க்காது.

ஆகவே, ‘எட்டாத கல்லூரியை முதல் வரியில் போட்டால் ஒரு வாய்ப்பு வீண்’ என்பது வெறும் பயம். முதல் வரியில் கிண்டி பொறியியல் கல்லூரியை எழுதி அது கிடைக்காமல் போனால் இழப்பு எதுவும் இல்லை. இரண்டாம் வரி இரண்டாம் வரியாகவே இருக்கும். மனதில் இருக்கும் விருப்ப வரிசைதான் பட்டியலின் வரிசை. ‘கிடைக்கக்கூடியதை மேலே போடு’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கிடைக்கக்கூடியதை மேலே போட்டால் அது கிடைத்துவிடும், அதுதான் அதிலுள்ள ஆபத்து. கீழே இருக்கும் நல்ல கல்லூரிக்குக் கணினி வரவே வராது.

நஷ்டம் வருவது பட்டியல் பாதியில் தீர்ந்து போகும்போதுதான். 35,000-ஆவது ரேங்க்கில் இருக்கும் ஒரு மாணவர் சென்னையின் பெயர்பெற்ற எட்டுக் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எட்டாம் வரி முடிந்ததும் அவருக்கு அந்தச் சுற்றில் இடமில்லை. அவருக்கு இரண்டாயிரம் ரேங்க் பின்னால் இருப்பவர் ஐம்பது வரி எழுதியிருந்தால் முப்பத்தொன்றாம் வரியில் ஓர் உருப்படியான கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் வாங்கிவிடுவார். முன்னவர் அடுத்த சுற்றுக்குப் போகலாம்தான். ஆனால் அந்தச் சுற்றில் உறுதியான இடங்கள் போக மிஞ்சியதில்தான் தேட வேண்டும்.

பட்டியலை எதை வைத்துத் தயாரிப்பது? சென்ற ஆண்டு ஒவ்வொரு கல்லூரியிலும், ஒவ்வொரு பிரிவிலும், ஒவ்வொரு வகுப்புக்கும் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணும் ரேங்க்கும் கவுன்சலிங் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. அதில் மதிப்பெண்ணை விட்டுவிட்டு ரேங்க்கைப் பாருங்கள். வினாத்தாள் சுலபமாக இருந்த ஆண்டில் 170 கட்-ஆஃப் எடுத்தவர் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பார். கடினமான ஆண்டில் அதே 170 பல ஆயிரம் இடம் முன்னே போய்விடும். மதிப்பெண்ணை மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

இன்னொன்று, எந்தப் பத்தியைப் பார்ப்பது என்பது. பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர் பி.சி. பத்தியை மட்டும் பார்த்தால் போதாது. 31 விழுக்காடு பொதுப்பிரிவு இடங்களுக்கு எல்லா வகுப்பினரும் ரேங்க் அடிப்படையில் உரியவர்கள். எனவே ஓ.சி. என்ற பொதுப்பிரிவுப் பத்தியை உங்கள் பொது ரேங்க்கோடும், வகுப்புப் பத்தியை வகுப்பு ரேங்க்கோடும் ஒப்பிட வேண்டும். ரேங்க் பட்டியலில் இரண்டு எண்களும் தனித்தனியாக வரும். இவற்றை மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு ‘எல்லாமே கிடைக்கும்’ என்று சந்தோஷப்படுகிற குடும்பங்களும் உண்டு, ‘ஒன்றும் கிடைக்காது’ என்று மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு ஓடுகிற குடும்பங்களும் உண்டு.

அளவு என்று கேட்டால் இப்படிச் சொல்லலாம். பொது ரேங்க் 30,000 என்றால், சென்ற ஆண்டு 18,000 முதல் 28,000-க்குள் முடிந்துபோன இடங்களில் பதினைந்து வரி. 28,000 முதல் 40,000 வரை போனவற்றில் இருபத்தைந்து வரி. அதற்குக் கீழே 60,000 வரை போனவற்றில் பதினைந்து வரி. ஆக 55. இது சூத்திரம் அல்ல, அனுபவ அளவு. அடிப்பகுதியை ஏன் அவ்வளவு தூரம் இழுக்க வேண்டும்? ஒரே ஆண்டில் ஒரு பிரிவின் மவுசு ஏறும், இன்னொன்றின் மவுசு இறங்கும். கல்லூரிகள் கம்ப்யூட்டர் சார்ந்த இடங்களைக் கூட்டும். சென்ற ஆண்டு ரேங்க் இந்த ஆண்டு அப்படியே வராது. முதல் இரண்டாயிரம் ரேங்க்குக்குள் இருப்பவருக்கு இருபது வரி தாராளம். ஒரு லட்சத்துக்கு அப்பால் இருப்பவருக்குப் பிரச்சினையே வேறு. இடம் கிடைக்கும், ஆனால் எந்தக் கல்லூரியில் என்பதுதான் கேள்வி. அவர் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிடக் கல்லூரியை நேரில் போய்ப் பார்ப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டும்.

எத்தனை வரி எழுதினாலும் ஒரு நிபந்தனை. கிடைத்தால் சேரமாட்டோம் என்கிற கல்லூரியைக் கடைசி வரியிலும் எழுதாதீர்கள். ‘சும்மா பாதுகாப்புக்கு’ என்று எழுதியதுதான் சில நேரம் கையில் வந்து விழும். பிள்ளை சேராத கல்லூரி எப்படிப் பாதுகாப்பாகும்?

குறியீட்டு எண்களில் கவனம் வேண்டும். கல்லூரிக்குக் குறியீட்டு எண், பிரிவுக்கு இரண்டு எழுத்து. அரசு உதவி பெறும் பெரிய கல்லூரிகளில் ஒரே பாடம் இரண்டு முறை வரும். ஒன்று சாதாரணம், மற்றது ‘எஸ்.எஸ்.’ என்ற சுயநிதிப் பிரிவு; கட்டணம் வேறு. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010-ல் தொடங்கிய தமிழ் வழி சிவில், மெக்கானிக்கல் படிப்புகளும் தனி வரியாக வரும். தமிழில் படிக்க விரும்புகிறவர் அதைத் தேடி எழுதலாம். ஆங்கில வழியில் படிக்க நினைப்பவர் தெரியாமல் டிக் செய்துவிட்டு ஒதுக்கீடு வந்த பிறகு முழிக்கக் கூடாது. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் பிசினஸ் சிஸ்டம்ஸ் ஆகியவற்றை உறவுக்காரப் பிரிவுகள் என்று கொண்டு, ஒரே கல்லூரியில் அடுத்தடுத்த வரிகளாகப் போடலாம். பட்டியல் தானே நீளும்.

ஒதுக்கீடு வந்ததும் ஐந்து வழிகள் காட்டும். ஏற்றுச் சேர்தல், ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருத்தல், வேண்டாமென்று மேலே உள்ளதற்கு மட்டும் காத்திருத்தல், வேண்டாமென்று அடுத்த சுற்றுக்குப் போதல், முற்றிலும் விலகுதல். முடிவெடுக்க ஓரிரு நாள்தான் தருவார்கள். பெரும்பாலானோருக்குப் பொருந்துவது இரண்டாவது, அதாவது ‘அக்சப்ட் அண்ட் அப்வர்ட்’. கையில் இருப்பது போகாது, மேலே காலியானால் அது வரும். மேலே என்றால் உங்கள் பட்டியலில் அதற்கு மேலே எழுதியவை மட்டும். ஊரில் உள்ள எல்லாம் அல்ல. வரிசையை அலட்சியமாக எழுதியவர் இங்கேதான் வருந்துவார். மூன்றாவது வழி சூதாட்டம்: கையிலிருப்பதை விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் நாளைக் கடத்தினாலும் இடம் போய்விடும். அந்த இரண்டு நாளில் குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு போவதைத் தள்ளி வையுங்கள்; தெய்வம் கோபித்துக்கொள்ளாது.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. இது தெரியாமல், ‘விடுதிக்குக் கட்ட முடியாது’ என்று சொல்லிக் கடலூருக்கு முப்பது கிலோமீட்டருக்குள் மட்டும் நாலு கல்லூரி எழுதுகிறார்கள். கோவையும் மதுரையும் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டுக்குக் கடைசி ரேங்க் தனி என்பதால், பொது அட்டவணையைப் பார்த்து மனம் தளரவும் வேண்டாம். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இதை வகுப்பில் சொல்வதோடு விடாமல் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொன்னால் நல்லது. பிள்ளை போய்ச் சொன்னால் வீட்டில் நம்புவதில்லை.

கலை, அறிவியல் படிப்புக்கு வேறு கணக்கு. அரசுக் கல்லூரிகளுக்கு இணையத்தில் பொது விண்ணப்பம். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 2 ரூபாய் மட்டும். பணம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் கவுன்சலிங்கை அந்தந்தக் கல்லூரி தன் வளாகத்தில் நடத்தும். அசல் சான்றிதழோடு பிள்ளை நேரில் நிற்க வேண்டும். கடலூர் தேவனாம்பட்டினம் பெரியார் அரசு கலைக் கல்லூரி, சிதம்பரத்துக்குப் பக்கம் சி.முட்லூர் அரசுக் கல்லூரி, விருத்தாசலம் திரு கொளஞ்சியப்பர் கல்லூரி, விழுப்புரம் அறிஞர் அண்ணா கல்லூரி என்று நான்கையும் எழுதிவிட்டால், ஒரே திங்கட்கிழமை காலையில் இரண்டு மூன்று இடங்களில் ஒரே பாடத்துக்கு அழைப்பு வரும். விருத்தாசலத்தில் காத்திருக்கும்போது கடலூரில் பெயர் கூப்பிட்டு முடித்திருப்பார்கள். அப்பா ஓரிடம், பிள்ளை ஓரிடம் என்று பிரிந்து போனாலும் பயனில்லை.

அதனால் இங்கே கல்லூரி எண்ணிக்கையைக் குறைத்து, ஒரே கல்லூரியில் பாடங்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நாள்தோறும் போய் வரக்கூடிய இரண்டு கல்லூரி, அவசரத்துக்கு மூன்றாவது ஒன்று. ஒவ்வொன்றிலும் நாலைந்து பாடம். தரவரிசை எப்படி வருகிறது என்பதையும் கவனியுங்கள். பி.ஏ. தமிழுக்குத் தமிழ்ப் பாட மதிப்பெண், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண், மற்றவற்றுக்கு நான்கு முதன்மைப் பாடங்களைக் கூட்டி 400-க்கு. 400-க்கு 230 எடுத்த பிள்ளை தமிழில் 96 வாங்கியிருந்தால் பி.காம். பட்டியலில் எங்கோ அடியில் இருப்பார், தமிழ் இலக்கியப் பட்டியலில் முன்னால் இருப்பார். இதைப் பார்க்காமல் எல்லோரையும் போல பி.காம்., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று இரண்டே பாடத்தை டிக் செய்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் நிறைய.

அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்குத் தனி விண்ணப்பம். அங்கே ‘எய்டட்’ பிரிவா, ‘செல்ஃப் ஃபைனான்ஸ்’ பிரிவா என்று கேட்டு எழுதுங்கள். ஒரே வாசல், ஒரே பாடம், ஆனால் கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தால் இரண்டையும் நிரப்புங்கள். ஒன்றை விட்டுவிட்டால் அதில் உங்கள் பெயர் இல்லை என்று பொருள்.

இனி எல்லைப் பிரச்சினை. ஆல்பேட்டை சோதனைச் சாவடியைத் தாண்டினால் முள்ளோடை, அங்கிருந்து புதுச்சேரி. பஸ்ஸில் பத்து நிமிடத்தில் கடந்துவிடுகிறோம், ஆனால் சேர்க்கை விதிகளில் அது இரண்டு நாடு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் பள்ளி. அல்லது அந்தப் பக்கம் ரேஷன் கார்டு, இந்தப் பக்கம் பள்ளி என்று இருக்கிற குடும்பங்கள் ஏராளம். வேறு எந்த மாவட்டத்தைவிடவும் இங்கே இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடலூரைச் சேர்ந்த பிள்ளை புதுச்சேரிப் பக்கத்துக் கிருமாம்பாக்கத்திலோ பாகூரிலோ பள்ளிப் படிப்பை முடித்திருந்தால், டி.என்.இ.ஏ.வில் தமிழ்நாட்டு மாணவராகக் கருதப்பட நேட்டிவிட்டி என்ற பிறப்பிடச் சான்றிதழ் கட்டாயம். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தவருக்கு மட்டும்தான் அது தேவையில்லை. அந்தக் கரையில் அரசுப் பள்ளியில் படித்திருந்தாலும் தமிழ்நாட்டின் 7.5 விழுக்காடு கிடைக்காது. புதுச்சேரியைச் சொந்த ஊராகக் கொண்டவர் கடலூர்ப் பள்ளியில் எட்டிலிருந்து பன்னிரண்டு வரை படித்திருந்தால் டி.என்.இ.ஏ.வுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் பொதுப்பிரிவில் மட்டும். புதுச்சேரியில் வாங்கிய சாதிச் சான்றிதழ் இங்கே இட ஒதுக்கீட்டுக்கு உதவாது.

புதுச்சேரியில் சேர்க்கையைச் சென்டாக் என்ற ஒருங்கிணைந்த சேர்க்கைக் குழு நடத்துகிறது. இருப்பிட உரிமைக்கு ஐந்தாண்டுத் தொடர் குடியிருப்பைக் கேட்பார்கள். தமிழ்நாட்டு முகவரியோடு போனால் ‘பிற மாநிலத்தவர்’ பட்டியல்தான். லாசுப்பேட்டை தாகூர் கல்லூரியும் பிள்ளைச்சாவடியில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் கூப்பிடு தூரத்தில் தெரிந்தாலும், கடலூர்ப் பிள்ளைக்கு அவை ‘உறுதியான இடம்’ ஆகமாட்டா. அவற்றை ஆசைப் பட்டியலில் வையுங்கள். இரண்டு பக்கமும் சான்றிதழ் வாங்கி இரண்டு பக்கமும் உள்ளூர்க்காரராக விண்ணப்பிக்கலாம் என்று யோசனை சொல்ல ஆள் இருக்கிறார்கள். சரிபார்ப்பில் சிக்கினால் போவது இடம் மட்டும் இல்லை.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டதால் இன்னொரு கேள்வி எழுகிறது: வேறு வாரிய மதிப்பெண்ணை டி.என்.இ.ஏ. எப்படி எடுத்துக்கொள்ளும்? பாடத்துக்குப் பாடம் உச்ச மதிப்பெண்ணைச் சமமாக்குவார்கள். மாநில வாரியத்தில் இயற்பியலின் உச்சம் 100, அந்த வாரியத்தில் 95 என்றால், அங்கே 60 எடுத்தவருக்கு இங்கே 63.16. உச்சம் இரண்டிலும் 100 ஆக இருந்தால் ஒரு மாற்றமும் இல்லை. ‘சி.பி.எஸ்.இ. என்றால் பத்து மதிப்பெண் கூட்டிப் போடுவார்கள்’ என்பது டீக்கடைப் பேச்சு.

காலாப்பட்டு மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு விதி எளிது, நாள்தான் சிக்கல். இளநிலைக்கு கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு. அதற்கான விண்ணப்பம் பன்னிரண்டாம் வகுப்பு முடிவுக்கு வெகு முன்னரே முடிந்துவிடும். ‘மார்க் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருந்தவருக்கு அந்தக் கதவு மூடியாகிவிட்டது. கியூட் எழுதினால் மட்டும் போதாது. பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் தனியாகப் பதிய வேண்டும். நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு இந்த இரண்டாவது பதிவைச் செய்யாமல் விட்டவர்களும் உண்டு. கியூட்டில் எடுக்கும் பாடங்கள் அந்தப் படிப்புக்குக் கேட்கும் பாடங்களோடு பொருந்துகின்றனவா என்றும் முன்பே பார்க்க வேண்டும். ஒரே தேர்வை வைத்துத் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் போடலாம் என்பதால் இரண்டையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

மருத்துவத்தைப் பற்றி ஒன்று மட்டும். அகில இந்தியக் கவுன்சலிங்குக்கு இணையத்தில் பதியும்போது நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கான ‘டீம்டு’ என்ற கட்டத்தையும் சேர்த்து டிக் செய்தால் வைப்புத்தொகையே இரண்டு லட்சம். கட்டணம் தாங்காது என்று தெரிந்தால் அந்தக் கட்டத்தின் பக்கம் போக வேண்டாம்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் டி.என்.இ.ஏ. பட்டியலில் வரமாட்டா. அங்கே தேடிவிட்டு ‘பெயரைக் காணோமே’ என்று கேட்கிறார்கள். அவற்றுக்குத் தனித் தேர்வு, தனிக் கட்டணம். நான்கு ஆண்டுக் கல்விக் கட்டணம், விடுதி, உணவு எல்லாவற்றையும் கூட்டி ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தொகை குடும்பத்துக்கு முடியாது என்றால் விண்ணப்பப் பணமும் தண்டம். முடியும் என்றால் இரண்டு, மிஞ்சினால் மூன்று. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகை கிடைக்காது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். அந்தச் சலுகை கவுன்சலிங் மூலம் சேர்பவருக்கு மட்டும்.

முடிவு வருவதற்கு முன்பே ‘சீட் பிளாக்’ செய்ய முன்பணம் கேட்பவர்களிடம் ரசீது கேளுங்கள். டி.சி.யையும் மதிப்பெண் பட்டியலையும் அசலாகக் கொடுத்துவிடாதீர்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவித்திருக்கிறது. விதி இருந்தும், சான்றிதழைத் திரும்ப வாங்க நடையாய் நடக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் கவுன்சலிங் நாள் கடந்துவிடும்.

எந்தக் கல்லூரி என்பதற்கு வருகிறேன். விளம்பரத்தில் இருக்கும் ‘நாக்’ என்ற தேசிய மதிப்பீட்டுக் குழுவின் தரம் கல்லூரி முழுமைக்கும் உரியது. ‘என்.பி.ஏ.’ என்ற தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பாடப்பிரிவுக்கு உரியது. பிள்ளை சேரப்போகும் பிரிவுக்கு அது இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துப் பிரிவுக்கு இருப்பதைக் காட்டி விளம்பரம் செய்வார்கள். அண்ணா பல்கலைக்கழகம் இணைவுக் கல்லூரிகளின் பருவத் தேர்வுத் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகிறது. அதில் முதல் பருவத்தைத் தேடுங்கள். முதல் ஆண்டுக் கணிதத்தில் பாதிப் பேர் அரியர் வைக்கும் கல்லூரியில், கடைசி ஆண்டு வேலைவாய்ப்பு எத்தனை விழுக்காடு என்று அச்சடித்திருந்தாலும் பொருளில்லை. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே வினாத்தாள் போட்டுத் தாங்களே திருத்துவதால் அவற்றின் தேர்ச்சி விழுக்காட்டை இதோடு ஒப்பிட முடியாது.

சென்ற ஆண்டு கடைசிச் சுற்றுக்குப் பிறகு அந்தப் பிரிவில் எத்தனை இடம் காலியாக இருந்தது என்றும் பாருங்கள். அறுபது இடத்தில் பதினைந்து மட்டும் நிரம்பிய பிரிவில் பாடம் நடத்த ஆள் இருப்பார்களா என்பது சந்தேகம். ஒரே பேராசிரியரின் பெயர் பல பொறியியல் கல்லூரிகளின் பட்டியலில் இருந்தது 2024-ல் வெளிவந்து பெரிய செய்தியானதை உங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கல்லூரி இணையதளத்தில் உள்ள ஆசிரியர் பட்டியலை எடுத்துக்கொண்டு, வேலை நாளில் மூன்று மணி வாக்கில் நேரில் போங்கள். அட்மிஷன் அலுவலகத்தில் உட்கார வேண்டாம். வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம், ‘இந்தப் பட்டியலில் உங்களுக்குப் பாடம் எடுப்பவர் எத்தனை பேர்?’ என்று கேளுங்கள். லேபில் ஒரு கருவிக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்றும் கேளுங்கள். இரண்டு கேள்வி போதும், முகத்திலேயே பதில் தெரியும்.

தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள், கிளம்பும் நேரத்தில் அளங்கள். நெல்லிக்குப்பத்திலிருந்து கல்லூரிப் பேருந்து 6.40-க்கு எடுத்தால் பிள்ளை ஐந்தரைக்கு எழ வேண்டும். மாலையில் வீடு சேர ஆறரை. நான்கு ஆண்டுக்கு இது தாங்குமா என்று பிள்ளையையே கேளுங்கள். பேருந்துக் கட்டணம் கல்விக் கட்டணத்தில் சேராது, தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பண்ருட்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியும், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் நம் மாவட்டத்திலேயே இருக்க, விளம்பரம் குறைவு என்பதற்காக அவற்றைத் தாண்டிப் போய்ப் பல மடங்கு கட்டணத்தில் சேர்க்கிறவர்களை என்ன சொல்வது?

கடைசியாகப் பிரவுசிங் சென்டர். விண்ணப்பம் போட உதவுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் பாதிப் பேர் விண்ணப்பமே போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் சாய்ஸ் பட்டியல் நிரப்பும் நாளில் வாசலில் நாற்பது பேர் நிற்கும்போது, மையத்துக்காரர் திரையில் தெரிகிற வரிசையில் டிக் செய்துகொண்டே போவார். டிக் செய்த வரிசையே விருப்ப வரிசையாக நின்றுவிடும். கோவைக் கல்லூரிக்கு ஆசைப்பட்ட பிள்ளைக்கு எங்கோ ஒரு கல்லூரி கிடைப்பது இப்படித்தான். பட்டியலை வீட்டிலேயே தாளில் வரிசை எண், கல்லூரிக் குறியீடு, பிரிவுக் குறியீடு என்று எழுதிக்கொண்டு போங்கள். ஒருவர் படிக்க, ஒருவர் தட்ட, மூன்றாமவர் திரையைப் பார்த்துச் சரிபாருங்கள். அச்செடுத்து வீட்டில் ஒருமுறை படித்துவிட்டு, மறுநாள் வந்து உறுதி செய்யுங்கள். ஓ.டி.பி. வரும் செல்பேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும். மையத்துக்காரரின் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிட்டு, ஒதுக்கீடு வந்ததே தெரியாமல் இரண்டு நாள் கெடுவைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

சாதி, வருமானம், நேட்டிவிட்டி, முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் ஏப்ரலிலேயே விண்ணப்பியுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று ஒவ்வொரு மேசையாகப் போக வேண்டிய கோப்பு அது. ஜூனில் எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டால் அது எந்த மேசையில் தூங்கும் என்று சொல்ல முடியாது. இனிஷியல் ஆதாரில் முன்னாலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பின்னாலும் இருந்தால் அதையும் அப்போதே சரிசெய்துவிடலாம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் உள்ள பொறியியல் கல்லூரிகளுக்குச் சென்ற ஆண்டு கடைசியாக இடம் போன ரேங்க்கைப் பிரிவுவாரியாக, வகுப்புவாரியாக ஒரு முழுப்பக்கத்தில் வெளியிடுங்கள். சாய்ஸ் நிரப்பத் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு வந்தால் சரியாக இருக்கும். எழுத்து பொடியாக இருந்தாலும் பரவாயில்லை, வெட்டிச் சுவரில் ஒட்டிவிடுவார்கள்.

இப்படிக்கு,
மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.